ஆறாம் குப்பி

காளை விந்து காக்கிற நைட்ரஜனில்
ஒரு குடுவை கடன் கேட்டோம்
மிருக வைத்திய அலுவலகத்தில்.
மூன்று லீற்றர், திங்கள் திருப்பித் தரப்படும் என்று
கையெழுத்து வைத்தேன்.
எதைத் திருப்பித் தருவது,
மூடியின் இடுக்கால் கொதித்துக் கொதித்து
காற்றாகப் போவதையா?

சுபஹு முடிந்து சம்மாந்துறை
இன்னும் தேத்தண்ணிக்குக் குந்தவில்லை.
மடுவத்துச் சீமெந்து கழுவிய ஈரம்.
உதுமாலெவ்வை பிஸ்மி சொல்லிக்
கத்தியை இழுத்த கணத்தில்
கடிகாரத்தை அமுக்கினேன்.
இருவருக்கும் கை நடுங்கவில்லை.
அவருக்குப் பழக்கம்.
நான் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓர் ஆடு இறக்க எவ்வளவு நேரம்?
கழுத்து ஒரு விடை சொல்லும்,
கண் வேறு சொல்லும்.
மூளையைக் கேட்கத்தான் வந்திருந்தேன்.
அது வேலையில் இருந்தது.
முதலாளி ஓடிப்போன கடையில்
இருட்டிலும் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளைபோல
இருந்த குளுக்கோசைச் செலவழித்து
லக்டேட்டை வரவு வைத்துக்கொண்டிருந்தது.
மண்டை ஓடு பிளக்கத் தொண்ணூற்றாறு செக்கன்.
அதற்குள் எத்தனை பக்கம் புரட்டியதோ.

பயறளவு வெட்டிப் போட்டது
'சுர்' என்று நின்றுபோனது.
அடுத்ததைத் தேசிக்காயளவு வெட்டிவிட்டேன்.
கரை கல்லாகிய பிறகும்
நடுவில் ஓர் உயிர்ச்சூடு
தன் பாட்டில் எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.
அதை அன்று நான் அறியவில்லை.
மூன்று, நான்கு, ஐந்து,
குப்பிகளில் மையால் எழுதிக்கொண்டே வந்தேன்.
ஆறாவதுக்கு நைட்ரஜன் போதவில்லை.
கல்முனை மீன்காரரின் ஐஸ்தான் மிச்சம்,
சூரை வாசத்தோடு.

மல்வத்தை வீதியில்
நெல் வெட்டும் மெசின் குறுக்கே நின்றது.
ஓட்டோவை நிற்பாட்டினான் றம்சீன்.
"அது கிறுகட்டும் மிஸ், மறுகா போவம்."
மெசின் கிறுகப் பதினொரு நிமிடம்.
மடியில் இருந்த பெட்டிக்குள்
கணக்கப்பிள்ளை ஒற்றைகளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.
வயலில் கொக்குகள்.
பார்த்தேன், பார்க்காமல் இருக்கலாமா.

ஒரே ஆட்டின் ஒரே தலை.
அட்டவணையில் ஆறு ஆடுகள் நின்றன.
ஒன்று சற்றுமுன் புல் தின்றது.
ஒன்று மூச்சுத் திணறி நெடுந்தூரம் ஓடியது.
ஆறாவது, நாங்கள் யாரும் காணாத ஒரு மிருகம்.

"வெளியே நிற்கிற புள்ளி, அதை விடுங்க"
என்றார் கலாநிதி தவமலர்.
நல்லவர். நேரமில்லாதவர்.
எனக்கு வாய் வரவில்லை.
மற்ற ஐந்துக்கும் குறுக்கே ஒரு மெசின் நின்றதே அம்மா,
சிறியது,
என் விரல்களின் அளவு.
அது கிறுகிய நேரத்தைத்தானே
ஆட்டின் நினைவென்று அச்சிடப் போகிறோம்?

பூச்சியம் எங்கே தொடங்குகிறது என்றும்
இரவில் கேட்டுக்கொண்டேன்.
கத்தியிலா?
மகாஓயாவிலிருந்து லொறியில்
தண்ணீரில்லாமல் வந்த இரவிலா?
தனக்கு முன்னே போனதன் குளம்புகள்
தரையில் உதைத்ததைப் பார்த்தபோதா?
கடிகாரத்தில் அதற்குப் பொத்தான் இல்லை.

முறையியல் என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்:
ஆறாம் மாதிரி மீன் ஐசில்,
பதினொரு நிமிடம்,
வீதியில் நெல் வெட்டும் இயந்திரம்.
சிவப்பு மையில் அது ஒரு சொல்லாகத் திரும்பி வந்தது:
தாமதம்.
அந்தச் சொல்லில்
வயலும் இல்லை, கொக்கும் இல்லை,
ஆடும் இல்லை.
மீண்டும் முழுதாய் எழுதி அனுப்பினேன்.
இன்னும் பதில் இல்லை.

திங்கள் குடுவையைக் கொண்டுபோனேன்.
அலுவலகத்தவர் மூடி திறந்து
மரக்கோலை அடிவரை இறக்கி எடுத்துப் பார்த்தார்.
கோலில் வெண்பூச்சு ஏறவில்லை.
"ஒண்டுமில்லையே. எப்ப முடிஞ்ச?"

எல்லாவற்றுக்கும் செக்கன் எழுதியவள்,
கொப்பியைத் தாள் தாளாகப் புரட்டினேன்.
அதை மட்டும்
குறித்து வைக்கவில்லை.