வழக்கில் இல்லாத சைக்கிள்

ஊதச் சொன்னார்கள், ஊதினான்.
பிள்ளைகளுக்கு ஒரு பலூன்கூட
ஊதித் தராத மனுஷன்.
இருபத்திரண்டு வரை பொறுக்குமாம் சட்டம்.
இவன் மூச்சில் இருந்தது அறுபத்தொன்று.
பகாவ் முச்சந்தி, பெட்ரோல் ஸ்டேஷனுக்கு எதிரே,
ராத்திரி பதினொன்றே கால்.
அன்றைக்குத்தான் எஸ்டேட்டில் சம்பளம் போட்டிருந்தார்கள்
என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோலாப்பிலா கோர்ட்டில்
மொழிபெயர்ப்பு அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கி
"குத்தத்தை ஒத்துக்கிறீங்களா?" என்றார்.
லோரிக்காரத் தனபாலனை
அதுவரை யாரும் 'ங்க' போட்டு
எதையும் கேட்டதில்லை.
அந்த மரியாதைக்காகவே
ஒத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாயிரம் ரிங்கிட்.
கட்டாவிட்டால் ஆறு மாதம்.
லைசென்ஸ் இரண்டு வருடத்துக்கு இல்லை.
மாஜிஸ்திரேட்டுக்கு என் மூத்தவன் வயதுதான் இருக்கும்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
அடுத்த கோப்பை இழுத்தாள்.

கொடியை வைத்தேன், போதவில்லை.
வள்ளிமயிலிடம் கெஞ்சிச் சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
மூத்தவன் கோலாலம்பூரில் இருந்து
பேங்கில் போட்டுவிட்டான், போன் பண்ணவில்லை.
எதற்காக என்று கேட்கும் கட்டத்தில்
'மூச்சு' என்று எழுதியிருந்தான்.

லோரிச் சாவியைக் கம்பெனி வாங்கிக்கொண்டது.
பத்தொன்பது வருடம் குலை ஏற்றிப் போனவன்
இப்போது அதே செம்பனை அடியில் குனிந்து
உதிரிப் பழம் பொறுக்குகிறான்,
சாக்குக்கு இவ்வளவு என்று.
சம்பள நாளில் பீர்க் கடையைச் சுற்றிக்கொண்டு
வேறு பாதையில் வருகிறான்.
சில மாதம் சுற்றாமலும் வருகிறான்.

இவ்வளவும் வழக்கில் இருக்கிறது.

மறுநாள் காலை ஸ்டேஷன் வளாகத்தில்
எங்கள் பழைய சாகாவைப் பார்த்தேன்.
முன் பம்பரில், இடது ஓரம்,
விரல் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட்.
யாரும் அதைக் கேட்கவில்லை.
எஸ்டேட் ரோட்டில் திரும்ப நடந்தேன்.
மூன்றாம் கட்டை தாண்டி, கானுக்குள்
பச்சைச் சைக்கிள்.
முன் சக்கரம் வளைந்து, ஹேண்டிலில்
வெங்காயப் பை தொங்கிக்கொண்டு.
ஒற்றைச் செருப்பு.
ரத்தம் இல்லை.
புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.

வங்காளதேசத்துப் பையன்கள் இருக்கும் கொங்சிக்குப் போனேன்.
"எல்லாரும் இருக்கிறோம், அக்கா"
என்று மலாயில் சொன்னார்கள்.
தரையில் பாய்களை எண்ணினேன், பதினான்கு.
ஆட்களை எண்ணுவதற்குள்
ஒருத்தன் கதவைச் சாத்தினான்.
பெர்மிட் இல்லாதவனுக்குக்
கால் ஒடிந்தாலும் ஒடியாது.

வக்கீலிடம் ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டேன்.
ஆள் மேல் பட்டிருந்தால்
அபராதத்தோடு போகாதும்மா,
வருடக் கணக்கில் உள்ளே என்றார்.
சரி என்று தலையாட்டி
பஸ் ஏறினேன்.

ஒரே ஒரு தடவை, கரண்ட் போன ராத்திரியில்,
"என்னமோ உரசுச்சு. நாய்னு நெனச்சேன்"
என்றான், நான் கேட்காமலே.
நாய்க்கு எதற்கு வெங்காயம்
என்று நாக்கு வரை வந்தது.

சைக்கிள் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது.
ஆ ஹொக் கடையில் சக்கரத்தை நிமிர்த்தினேன்.
கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம்.
வெள்ளிக்கிழமை தோறும் காற்று அடிக்கிறேன்.
நாலு கட்டை நடந்தே வேலைக்குப் போகிறான்,
பின்னால் லோரிச் சத்தம் கேட்டால்
புல்லில் இறங்கி நின்றுகொள்கிறானாம்.
அதைத் தொடுவதில்லை.
எடுத்துக்கொண்டு போ என்று
நானும் சொன்னதில்லை.

வருகிற மாதத்தோடு இரண்டு வருடம் முடிகிறது.

அந்த வெங்காயத்தை மட்டும்
என்ன செய்வதென்று தெரியாமல்
அன்றைக்கே சமைத்துவிட்டேன்.