கரைக் கட்டணம்

ஒட்முண்ட் இரண்டு ரசீதுகளை மேசையில் விரித்தார்.
போன ஆண்டு முந்நூற்று நாற்பது மீட்டர்.
இந்த ஆண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
"கரை வளர்ந்துவிட்டதா?
நான் ஒரு கல்கூடப் போடவில்லையே."

நகராட்சி அனுப்பிய ஆள் நான்.
செஞ்சா தீவின் மேற்குப் பக்கம், ஜனவரிக் கடைசி,
வெளிச்சம் போவதற்குள் பேசி முடிக்கவேண்டும்.

முன்பு வந்தவர் இருபது மீட்டர் கோல் வைத்தார்,
மடிப்புகளைத் தாண்டிப் போய்விட்டார்.
என் கோல் ஒரு மீட்டர்.
பாறையிடுக்கெல்லாம் நுழைந்து வந்தது.

"என் சாணால் அளந்தால்?"
கூடும்.
"எறும்பு அளந்தால்?"
இன்னும் கூடும்.
எறும்புக்கும் ரசீது அனுப்புவீர்களா
என்று அடுப்படியிலிருந்து போர்கில்ட் கேட்டாள்.

ரசீதின் முதுகில் ஒரு கோடு கிழித்தேன்.
மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டை அழித்து,
அங்கே கூரைபோல் இரண்டு சாய்த்தேன்.
மிஞ்சிய ஒவ்வொரு துண்டிலும் அதையே, மறுபடியும் அதையே.
நான்காம் சுற்றில்
பென்சில் முனை கோட்டைவிடத் தடித்துப்போனது.
காகிதம் நிறுத்திக்கொண்டது.
கணக்கு நிறுத்தவில்லை.
சுற்றுக்கு மூன்றிலொரு பங்கு கூடிக்கொண்டே
ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிய முடிவிலி.

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார்.
தூண்டில் கிழித்த தழும்புகள்.
"பென்சில் கோட்டுக்குச் சரி.
என் கரை பாறை."

வெளியே போனோம்.
ஈர மணலைக் கிள்ளி எடுத்தார்.
"இதற்குள் அணு. அணுவுக்கு ஓரம் உண்டா?"
ஓரம் இல்லை, ஒரு மங்கல்தான்.
"அப்போது அங்கே நின்றுவிடுகிறது."
நிற்கிறதா,
இல்லை, அளக்கிற சொல்லே அங்கே செல்லாக்காசாகிறதா,
தெரியாது என்றேன்.
படித்த இடத்திலும் இரண்டு கட்சி.
முடிவிலி வெறும் பேச்சு என்பது ஒன்று.
அது இல்லாமல் ஒரு வட்டத்தைக்கூடச் சுற்றி முடிக்க முடியாது
என்பது மற்றொன்று.
நான் ஒன்றில் தேறி மற்றொன்றில் சம்பளம் வாங்குகிறேன்.

அதற்குள் ஓதம் ஏறி
காலையில் நான் வைத்த குறிகளை நனைத்தது.
முதலில் ஆறு, பிறகு ஒன்பது.
ஒட்முண்டுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.
"இப்போது எவ்வளவு?"

படிவத்தில் நீளத்துக்கு நான்கு கட்டங்கள்.
எந்தக் கோலால் என்று கேட்க ஒன்றுமில்லை.
ஓரத்தில் பொடியெழுத்தில் எழுதினேன்:
ஒரு மீட்டர் கோலால், ஓதம் இறங்கியிருந்தபோது.

அவர் கையெழுத்திட்டார்.
கடைசி எழுத்தின் வாலை
காகிதம் முடியும்வரை இழுத்து,
மேசையிலும் கொஞ்சம் இழுத்தார்.