எண்ணூற்றுப் பன்னிரண்டாம் சுற்று

நான் ஊசி வைப்பவன்.
முடியைவிட மெல்லிய முனையைச்
சில்லின்மேல் இறக்கி, வோல்ட்டை ஏற்றி, தணித்து,
வருவதை எழுதிக்கொள்பவன்.
ஃபான் யீ-ச்சென் ஊசியே தொடாதவள்.
அவளுடையது கணினிக்குள் ஒரு பெட்டி:
ஐந்து நானோமீட்டர் கனத்தில் ஹாஃப்னியம் ஆக்சைடு,
அதில் ஆக்சிஜன் இருக்கவேண்டிய சில இடங்களில்
யாரும் இல்லை.

அந்த யாருமில்லாமைதான் நகர்கிறது என்றாள்.
இல்லாதது எப்படி நகரும் என்றேன்.
ஜன்னலைக் காட்டினாள். கீழே ஸ்கூட்டர் வரிசை.
காவலாளி பெங் ஒன்றைத் தூக்கி இடப்பக்கம் வைத்தார்;
சந்து வலப்பக்கம் போயிற்று.

சந்துகள் கோத்து இழையானால் மின்சாரம் ஓடும்: ஒன்று.
நடுவில் ஒரு சந்து தூர்ந்தால் இழை அறும்: சுழி.
ஞாபகம் என்று விலைக்குப் போவது இதுதான்.
ஒவ்வொரு தாவலுக்கும் அவள் பகடை உருட்டுகிறாள்.
சூடேறினால் பகடைக்கும் அவசரம்.

மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சு சரியில்லை.
என் சில்லு
எண்ணூற்றுப் பன்னிரண்டாம் சுற்றில்
அணைய மறுத்துவிட்டது.
அவள் பெட்டியிலோ லட்சம் சுற்றுக்கும் ஒரே ஒழுங்கு.
"உன் ஊசியில் அழுக்கு."
"உன் பெட்டிக்குக் கதவே இல்லை."
கோபத்தில் சொன்னது. அர்த்தம் எனக்கே தெரியாது.

அவள் வாயில் பாதி உலர்ந்த பெர்சிமன். மெல்வதை நிறுத்தினாள்.

வெளியே போன ஆக்சிஜன் எல்லாம்
திரும்பி வந்துவிடும் என்று
இரண்டு வருடம் முன்பு எழுதியிருக்கிறாள், ஒரே ஒரு வரி.
மேல்தகடு டைட்டானியம்.
கடன் வாங்கினால் மொத்தமும் தராது அது.
வரியை அழித்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஓட்டங்கள் முடிந்தன.
எழுநூற்றுத் தொண்ணூறில் ஒருமுறை அணைய மறுத்தது,
மறுமுறை எண்ணூற்று நாற்பதில்,
இன்னொருமுறை ஆயிரத்தைத் தாண்டி.
எண்ணூற்றுப் பன்னிரண்டு வரவேயில்லை.
"அது வராது" என்றாள்.
"எப்போது என்று கேட்காதே. எவ்வளவு சிதறும், அதைக் கேள்."
முதன்முறையாக என் தாளைக் கேட்டு வாங்கி
தன் புள்ளிகள்மேல் என் புள்ளிகளை இட்டாள்.
என்னுடையவை கொஞ்சம் அழுக்காகத்தான் இருந்தன.

நாலரைக்கு வெளியே வந்தேன்.
ஷின்ச்சூவின் நவம்பர் காற்று
கையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கப் பார்த்தது.
பெங் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.
விட்ட இடத்தில் என் ஸ்கூட்டர் இல்லை.
ஏழு வண்டி தள்ளி நின்றது,
இருக்கையெல்லாம் ஈரம்.
அதன் இடத்தில் வேறு யாருடையதோ.