ரத்தப் பிரிவு நோட்டு

அது முதலில் மெஸ் கணக்கு நோட்டு.
நாற்பதாவது பக்கத்தோடு யாருக்கோ அலுத்துவிட்டதால்
தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து
ரத்தப் பிரிவு எழுத ஆரம்பித்தோம்.
இந்தப் பக்கம் திறந்தால்
யார் எவ்வளவு பாக்கி.
அந்தப் பக்கம் திறந்தால்
யார் என்ன பாசிட்டிவ்.

தொரப்பாடி விடுதியில் நூற்று எண்பத்தாறு பேர்.
ஓ பாசிட்டிவ், உப்புமா மாதிரி,
எப்போதும் மீந்திருக்கும்.
பேரணாம்பட்டு தஸ்தகீருக்கு
ஊசியைப் பார்த்தாலே மயக்கம்.
ஆனாலும் பேர் கொடுத்தான்:
"கூப்பிடாத வரைக்கும் நான் வள்ளல்டா."
பி நெகட்டிவ் ஒரே ஒருவன்.
யுகேந்திரன், மூன்றாமாண்டு கணிதம்,
ஒடுகத்தூர் தாண்டி ஏதோ ஊர்.

நோட்டின் முன்பக்கத்திலும் அவன் இருந்தான்,
மூன்று மாத பாக்கியோடு.

வியாழக்கிழமை கமிட்டி கூடியது.
ஒருத்தருக்கு விட்டால் எல்லோருக்கும் விடணும்
என்றான் நவமணி.
விதின்னா விதிதான் என்றேன் நான்.
மின்விசிறி சுற்றாத அறை, மே மாத வேலூர்,
சீக்கிரம் முடித்துவிட்டுக் குளிக்க வேண்டும்
என்பதுதான் எல்லோருக்கும் இருந்த ஒரே கருத்து.
அவன் பேரின் மேல் சிவப்புக் கோடு போட்டேன்.
ஸ்கேல் வைத்து.

வெள்ளி இரவு பத்தரைக்குப் போன் வந்தது.
ஆற்காடு ரோட்டு லாட்ஜிலிருந்து ஒரு குரல்,
பாதி இந்தி, பாதி அழுகை.
"பி நெகட்டிவ்" மட்டும் தெளிவாகக் கேட்டது.

மாடியில் படுத்திருந்தான்.
சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டான்.
கேள்வி ஒன்றும் கேட்கவில்லை,
அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.
நவமணியின் பைக்கில்
ஜெயில் மதிலைத் தாண்டி, கோட்டை அகழியைத் தாண்டிப் போனோம்.
வழியெல்லாம் நான்தான் பேசினேன்,
செமஸ்டர் பற்றி, காட்பாடி பாலத்து நெரிசல் பற்றி.

ரத்த வங்கியில் அந்த அக்கா
படிவத்தைப் பார்த்தபடியே கேட்டார்:
"கடைசியா எப்பப்பா சாப்பிட்ட?"

அவன் என்னைப் பார்த்தான்.
குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது.
என்ன பதில் சொன்னால் எனக்குச் சங்கடமில்லை
என்று கேட்கிற பார்வை.
"இப்பதான்கா" என்றான்.
"இல்லக்கா" என்றேன்.
அன்று முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை
அதுவாக இருக்கலாம்.

சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினார்.
வெளியே கடைகள் சாத்தியிருந்தன.
நோயாளியின் அண்ணன், மால்தாக்காரர்,
ஊர் விட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறதாம்.
டோக்கன், எவ்வளவு, நாளைக்கு வா,
இதற்குமேல் அவருக்குத் தெரிந்த தமிழ்
"சாப்பிடு" மட்டும்தான்.
அதையே திரும்பத் திரும்பச் சொல்லி
லாட்ஜ் அறைக்கு இழுத்துப்போனார்.
வாடகை ஸ்டவ், எவர்சில்வர் தூக்கு,
கடுகெண்ணெய் வாசத்தோடு மீன் குழம்பு.
யுகேந்திரன் மூன்று முறை சோறு வாங்கினான்.
எனக்கும் போட்டார்கள்.
கையை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி இறங்கியபோது அவன்
மேலே ஓடிய பல்லியைக் கவனித்துக்கொண்டிருந்தான்.
பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள்.
பிஸ்கட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
நாளைக்கு என்று அவன் சொல்லவில்லை.

சனிக்கிழமை போய்
கோட்டை அழித்தேன், ஒயிட்னர் வைத்து.
பேப்பர் தடித்துப்போய்
விரலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலையில் மெஸ் செயலர் தேர்தல்.
எனக்கு எதிராக நின்றான்.
அவன் பேரை முன்மொழிந்தது தஸ்தகீர்.
நாற்பத்தொரு ஓட்டில் நான் தோற்றேன்.

நோட்டை ஒப்படைக்கப் போனபோது
நிதானமாகப் புரட்டினான்.
அந்தத் தடித்த இடத்தில் நிற்கவில்லை.
"உன்னோடது நானூத்திப் பத்து பாக்கி இருக்கே" என்றான்.
இருந்தது. அதில் கோடு எதுவும் இல்லை.

பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பினான்.
ஒவ்வொரு பேராக விரல் வைத்துத் தேடினான்.
"உன் பிரிவு என்ன?" என்றான்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.