மேல்முறையீடு, மல்லாவி

பதினொரு பக்கம்.
கொமினிக்கேசனில் டிலக்சன்
விரல் வைத்து வாசிக்கிறான்.

என்னில் பிழையில்லையாம்.
பதினான்கு வருட ஒட்டுவேலை
ஏற்கப்பட்டது.
புதுக்குடியிருப்பில் கராச் இருந்த இடத்தில்
மதில் மட்டும் நிற்பதையும்
கிராம சேவகரின் கடிதத்தோடு நம்பிவிட்டார்கள்.

பிழை முதலாளியில்.
மனுப் போட்ட ஆண்டே நட்டம்.
எனக்கென்று எழுதிய சம்பளம்
அவரின் வரிக்கணக்கில்
எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

நியூ ஜேர்சியில் முகம் தெரியாத மனிதர்.
அவரது வாடகைப் பாக்கி,
வங்கிக் கடன்,
லொறி திருத்திய செலவு
எல்லாம் இங்கே, தேங்காய் வாங்க வந்தவர்கள் கேட்க.
“மெல்ல வாசியடா” என்றேன்.

இரவு அவரே எடுத்தார்.
ஏதோ சொல்ல வந்து செருமினார்.
லொறியில் என்ன பழுது என்று கேட்டேன்.

சேசிஸ் வெடிப்பாம்.

அரை நாள் வேலை, எனக்கு.