இரண்டு நொடிப் பூட்டு

போன மாதம் நேராகவே கேட்டுவிட்டேன்:
ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒரு நோயாளியைச் சுட்ட வேண்டும்.
ஒரே வரி. எண்டர்.
பதினான்கு கோடி வரிகளை அது முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கியது,
வாசித்து முடியும்வரை எவரும் எழுதாதபடி
கதவைச் சாத்திக்கொண்டு.
நாலாவது நிமிடம் கேஷுவால்டியிலிருந்து ஜெயசீலி சிஸ்டர்:
"ஃபர்ஹத், பொட்டாசியம் ஏறவே மாட்டேங்குது, ஸ்கிரீன் சுத்துது."
நிறுத்தினேன்.
யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

இந்த முறை ராத்திரி.
ஹவுரா வண்டி காட்பாடியைத் தாண்டியிருக்கும்.
காந்தி ரோடு லாட்ஜ்களில்
வங்காள எழுத்து போர்டுகள் மட்டும் எரியும்.
கேஷுவால்டிக்கு நள்ளிரவு என்று ஒன்று கிடையாது,
அதனால் இரண்டே நொடி கேட்டேன்.
கிடைக்காவிட்டால்
பின்னால் நிற்பவர்களை மறிக்காமல் விலகிக்கொள்.

விலகியது.
மறுபடி. விலகியது.
ஏழாவது முறை, இரண்டு ஐம்பத்தொன்றுக்கு,
சைதாப்பேட்டைச் சந்தில் ஆட்டோ நுழைகிற மாதிரி நுழைந்தது:
இனி வருபவற்றுக்கு மட்டும் இந்த விதி.
பழையதை நான் இன்னும் கேட்கவில்லை.

பழையதில் முந்நூற்றுப் பதினொரு அநாதை வரிகள்.

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
மலை உண்டு மரம் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள்.
ரிப்போர்ட் உண்டு ஆள் இல்லை,
என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டேன்.
கோயில் உண்டு சாமி இல்லை என்பதும் அந்தப் பட்டியலில்தான்;
சாமி வந்து எத்தனையோ வருஷம்,
சொல்கிறவர்கள் இன்னும் திருத்தவில்லை.

மூன்று ராத்திரியில் முந்நூற்றுப் பத்துக்கு ஆள் கிடைத்தது.
இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கியபோது
யாரோ பழைய எண்களைத் துடைத்திருக்கிறார்கள்.

மிச்சம் ஒன்று.
2003 ஆகஸ்ட். ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி நாலு.
"அவசரம்" என்று ஓரத்தில்.
அவ்வளவுதான்.

"ஒரு வரிதானே, டெலிட் பண்ணிடுங்க" என்றார் தயாநிதி சார்.
அவர் சொன்னதில் தப்பில்லை.
நான் விதியைத் திரும்பப் படித்தேன்.
இல்லாத ஒருவரைச் சுட்டக் கூடாது என்கிறதே தவிர,
யாரையும் சுட்டாமல் இருப்பதை அது தடுக்கவில்லை.
பொய்யைத்தான் பிடிக்கும்,
காலியை விட்டுவிடும்.

எண்ணை எடுத்துக் குறிப்பில் எழுதினேன்.
அந்தக் கட்டத்தைக் காலியாக்கினேன்.
ஐந்து புள்ளி நாலு அப்படியே இருந்தது.

பிறகு சொன்னேன்: இப்போது பழையதையும் பார்.
மெதுவாகப் பார்த்தது, யாரையும் நிறுத்தாமல்.
நடுவில் ஆற்காட்டிலிருந்து ஒரு பாம்புக்கடி,
ஒரு பிரசவம், இரண்டு பைக் விபத்து,
எல்லாம் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தன.
ஐந்து நாற்பதுக்கு முடிந்தது.

ஷிப்ட் முடிந்து போகிற ஜெயசீலி சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.
"ஏதோ பண்ணப் போறேன்னியே, எப்போ?"