ஒப்புதல் அளித்தவர்

வரைபடத்தின் வலது கீழ் மூலையில்
மூன்று கட்டங்கள் இருக்கும்:
வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர்.
பதினேழு வருடம்
முதல் கட்டத்தில் வாடகைக்கு இருந்தேன்.
கோ.வ.
ஓர் எறும்பு வந்து உட்கார்ந்தால்
மறைந்துவிடும் அளவுக்கு.

நான் வரைந்த பதினொரு மைதானங்களில்
இரண்டில்தான் ஆடியிருக்கிறேன்.
ஒன்றில் விருந்தாளிச் சீட்டு.
மற்றதில் மழை;
நான்காவது குழியோடு திரும்பிவிட்டேன்.

ஜாலான் அம்பாங், இருபத்திரண்டாம் மாடி.
ஏழாவது கிரீனை
மிஸ்டர் ஓங் பென்சில் நுனியால் நகர்த்தினார்.
மூன்று பங்களா மனை கூடுதலாகக் கிடைத்தது.
தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன்.
அதற்குள் நாம் போயிருப்போம் என்றார்,
கோபமே இல்லாமல்.
அந்தக் கோபமின்மைதான்
லிஃப்டில் என்னோடு இறங்கி வந்தது.

பிரிவு உபசாரத்தில் சீஸ் கேக்.
கோமளவல்லி என்ற பெயரை
எப்படி எல்லாம் எழுதலாம் என்பதற்கு
அதில் ஒரு புது வழி.
வரைபடங்கள் கம்பெனிக்குச் சொந்தம்,
வாடிக்கையாளர்கள் இரண்டு வருடத்துக்குக் கம்பெனிக்குச் சொந்தம்
என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்.
வாசல் அட்டையை வாங்கிக்கொண்ட பெண்
கார் நிறுத்தக் கட்டணத்துக்கு முத்திரை குத்தித் தந்தாள்,
கடைசிக் கருணையாக.

தனக்குத் தானே குழி வெட்டிக்கொள்கிறாள்
என்றாராம் நாத்தனார்.
சரிதான்.
பதினெட்டு வெட்டினால் முழுச் சம்பளம்.

செத்தாப்பாக் அடுக்குமாடியில்
சாப்பாட்டு மேசைதான் அலுவலகம்.
நாற்பத்திரண்டு மீட்டர் சமவுயரக் கோட்டின் மேல்
குணாளன் ரசக் கிண்ணத்தை வைத்துவிட்டார்.
வட்டமாய் ஒரு பங்கர்.
அழிக்கப் பார்த்தேன்,
அப்புறம் பார்த்தால்
இடம் ஒன்றும் மோசமில்லை.

ஏழு வாரம்
தொலைபேசி வங்கிக்காக மட்டும் அடித்தது.

எட்டாவது வாரம் ரொஸ்லான் கூப்பிட்டான்,
புல்டோசர் தகட்டால்
தாளில் நான் நினைத்ததை மண்ணில் நினைப்பவன்.
தமிழில்தான் அக்கா என்பான்,
மீதியெல்லாம் மலாய்.
செகாம்புட்டில் ஒரு பயிற்சித் திடல், அக்கா,
சின்னதாய் ஒரே ஒரு கிரீன்,
மழை பெய்தால் மூன்று நாள் மீன் வளர்க்கலாம்.

மேடம் சியூ மூவாயிரம் ரிங்கிட் என்றாள்,
பாதி முன்பணம்.
பேரம் பேச வாயெடுத்த என்னை
நானே இடித்து அடக்கினேன்.

நாலு மணி மழைக்குக் குடையோடு போய்
வெறுங்காலோடு நின்றேன்.
இருபத்திரண்டாம் மாடியில் மழை கண்ணாடிக்கு வெளியே பெய்யும்.
இங்கே கணுக்காலைச் சுற்றிக்கொண்டு
யோசிக்கிறது,
எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.
நின்ற இடத்தில் எல்லாம்
கம்பிக் கொடி குத்தினேன்.
பந்தடிக்க வந்தவர்கள்
பைத்தியம் என்று ஒதுங்கிப் போனார்கள்.

தோண்டினோம். சரளை, குழாய், மணல்.
ஒன்றரை சதவிகிதச் சாய்வு லோங்காங் பக்கமாய்.
புல் பாவினோம்.
பிறகு மழைக்குக் காத்திருந்தால்
கோலாலம்பூரில், நவம்பரில்,
நாலு நாள் ஒரு சொட்டு இல்லை!
குழாயைத் திறந்து ஊற்றிப் பார்க்கலாமே என்றாள் மேடம் சியூ.
அது மழை ஆகாது என்றேன்.
பணம் தருபவளிடம்
முதல் தடவையாக முடியாது என்றது
எனக்கே கேட்டது.

ஐந்தாம் நாள் கொட்டியது.
தண்ணீர் வந்தது,
ஒரு நொடி நின்றது,
பின் சொல்லி வைத்தாற்போல் இடப்பக்கம் இறங்கியது.
ரொஸ்லான் கைதட்டினான்.
நான் வடக்கு விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு
போகாமல் நின்றது,
வானத்தை வைத்துக்கொண்டு.

மேடம் சியூ அதைப் பார்க்கவில்லை.
மீதிப் பணம் அன்றே வந்துவிட்டது.

இரவு, மேசையில்,
வரைந்தவர்: கோ.வ.
சரிபார்த்தவர்: கோ.வ.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.
அங்கே உட்கார்ந்து என்னைத் தப்பு என்று சொல்ல
இனி யாரும் வரப்போவதில்லை.

காலியாகவே விட்டேன்.
காலை ஏழுக்கு மண்வெட்டியோடு வா
என்று ரொஸ்லானுக்கு அனுப்பினேன்.
எதுக்கு அக்கா, காசுதான் வந்துவிட்டதே
என்று பதில் வந்தது.